ஒரு முள்ளெலிக்காக நான் குடித்த கடல்

பாலையூற்றில் இருக்கும் எங்கள் வீட்டில் இருந்து கடலுக்குச் சைக்கிளில் கால் மணித்தியாலம். போன மாதம் அந்த வீட்டுக்குக் கொழும்பில் இருந்து பார்சலில் ஒரு வாளி கடல் உப்பு வந்தது. எங்கேயோ ஒரு நாட்டில் யாரோ கடலைக் காய்ச்சி, மாவாக்கி, மேலே நீல நிறத்தில் மீன் படம் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். அதைக் குழாய்த் தண்ணீரில் கரைத்தால் கடல் வருமாம். நல்லது. அடுத்த மாதம் வெருகல் ஆறும் பார்சலில் வரும் என்று காத்திருக்கிறேன்.

ஆரணி, கோகுலன், நீங்கள் இரண்டு பேரும் ஹோலில் வைத்திருக்கும் கண்ணாடித் தொட்டியைப் பற்றித்தான் சொல்கிறேன். அதற்குள் ஒரு கறுப்புக் கடல் முள்ளெலியும், உருண்டை உடம்பு முழுக்க ஊசி மாதிரி நீட்டு முள்ளோடு, குடிவந்துவிட்டது. வந்து மூன்றாம் நாள்தான் ஆரணிக்கு என் ஞாபகம் வந்தது.

"அப்பா, உங்களுக்கும் இதைப் பற்றிக் கொஞ்சம் தெரியுமாம் எண்டு அம்மா சொன்னவ."

கொஞ்சம்தான் மகள். அலங்கார மீன் ஏற்றுமதி செய்யும் கம்பனியில் முப்பத்தொரு வருஷம் தொட்டி பார்த்துவிட்டுப் போன வருஷம் ஓய்வு பெற்றவனுக்குக் கொஞ்சம்தான் தெரியும். தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கடலே இல்லாத ஊரில் இருந்து ஃபோன் வீடியோவில் பாடம் எடுக்கிற அந்தப் பெடியன் பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுகிறான். நான் வாயால் சொல்லத் தொடங்கினால் கோகுலனுக்கு ரியூசன் ஞாபகம் வந்துவிடும். அதனால் எழுதிவைக்கிறேன். பிழை இருந்தால் ஆரணி திருத்தலாம். நான் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தைக் கோட்டை விட்டவன். தமிழில் தப்பினேன்.

கம்பனி சல்லிக் கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்தது. சேர்ந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. முதல் மூன்று வருஷம் தொட்டி தேய்த்தேன், வாளி தூக்கினேன், மீனைப் பொலித்தீன் பைக்குள் விட்டு ஒட்சிசன் அடித்துக் கட்டினேன். அதற்குப் பிறகு எனக்கு அனுபவம் வந்துவிட்டது என்று சொன்னார்கள். அனுபவம் வந்த பிறகும் தொட்டி தேய்த்தேன், வாளி தூக்கினேன். சம்பளப் புத்தகத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் 'தற்காலிகம்' என்று எழுதியிருந்தது. ஒன்பது வருஷம் நான் தற்காலிகமாக இருந்தேன். அந்தக் கட்டடத்தின் கூரை அவ்வளவு காலம் இருக்கவில்லை, இரண்டு தரம் மாற்றினார்கள்.

மனேஜர் குணநாயகம் ஐயா. வெள்ளைச் சேட்டு, மடிப்புக் கலையாத காற்சட்டை. இருநூறு தொட்டிக்கு மனேஜராக இருந்த மனிதர், ஒரு தொட்டிக்குள்ளும் கை வைத்து நான் பார்த்ததில்லை. எப்போதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தொட்டிகளுக்கு நடுவே மெதுவாக நடப்பார். எங்கேயாவது மீன் செத்து மிதந்தால் குனிந்து பார்த்து, "நான் அப்பவே சொன்னனான்" என்பார். எப்போது சொன்னார், யாருக்குச் சொன்னார் என்று கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. மீன் பிழைத்துக்கொண்டாலும் அதே வசனம்தான். ஒரே வசனத்தை வைத்துக்கொண்டு பதினேழு வருஷம் நிர்வாகம் செய்ததை இன்றைக்கும் மெச்சுகிறேன்.

தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அளக்கிற கருவி ஒன்று கம்பனியில் இருந்தது. ஒரு துளி தண்ணீரை அதன் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் கோடு காட்டும். விலையான சாமான். உடைந்துவிடும் என்று ஐயா அதைத் தன் வீட்டு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். அது உடையவேயில்லை. அவர் சொன்னது சரிதான்.

இனி முள்ளெலிக்கு வருவோம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது மீன் இல்லை. மீனுக்குச் சுகமில்லாவிட்டால் அது உங்களுக்குச் சொல்லும். மூச்சு வாங்கும், மூலையில் ஒதுங்கும், செத்தால் ஒழுங்காக மிதந்து அறிவித்தல் தரும். முள்ளெலி அப்படி இல்லை. அது மத்தியானத்துக்குப் பிந்திய அரசாங்கக் கந்தோர் மாதிரி. உள்ளே ஏதாவது நடக்கிறதா, எப்போதோ நின்றுவிட்டதா என்று வெளியில் நின்று சொல்ல ஏலாது.

அதனால் நாங்கள் நிழல் பார்ப்போம். தொட்டிக்கு மேலே கையை நீட்டி, நிழல் அதன்மேல் விழும்படி மெதுவாக அசைக்க வேண்டும். சுகமாக இருக்கிற கறுப்பு முள்ளெலி உங்கள் கையை எதிரி என்று நினைத்து, நீட்டு முள் எல்லாவற்றையும் அந்தப் பக்கம் திருப்பும். கையை மற்றப் பக்கம் கொண்டுபோனால் முள்ளும் கூடவே வரும். திருப்பாவிட்டால் நீங்கள் நல்லவர் என்று அது முடிவு எடுத்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

புதிதாகக் கொண்டுவந்ததை நேரே தொட்டிக்குள் போடக் கூடாது. வந்த தண்ணீரோடு பேசினுக்குள் விட்டு, ஒரு மெல்லிய ரியூப்பில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை அதற்குள் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். செக்கனுக்கு இரண்டு சொட்டு, இரண்டு மணித்தியாலம். இடம் மாற்றும்போது தண்ணீருக்கு மேலே தூக்கக் கூடாது, உள்ளே காற்றுப் பிடித்துவிடும். தண்ணீருக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்து, அது தானாக ஏறும்வரை நிற்க வேண்டும். பிடித்து இழுத்தால் அதன் சின்னச் சின்னக் கால்கள் கல்லிலேயே அறுந்து நின்றுவிடும். கண்ணாடியில் இருக்கும் பாசியை ஒரு கிழமையில் மேய்ந்து முடித்துவிட்டுப் பட்டினி கிடக்கும். தொட்டி பளிச்சென்று இருக்கிறது என்று நீங்கள் படம் எடுத்துப் போடுவீர்கள். கடற்பாசியைக் கல்லில் கட்டிப் போடுங்கள், கிடைக்காவிட்டால் கறிக்கு வாங்குகிற கோவா இலை. இது எல்லாவற்றையும் ஹெட்போன் பெடியனும் சொல்லியிருப்பான். அவன் சொல்லாத ஒன்றை இனிச் சொல்கிறேன்.

என்னுடைய ஒன்பதாம் வருஷம் ஒரு ஜேர்மன்காரர் எங்கள் கம்பனியில் முள்ளெலி வாங்க யோசித்தார். அவருடைய ஊரில் சனங்கள் வீட்டில் வளர்க்கிறார்களாம். முந்தி வேறு இடத்தில் வாங்கியதெல்லாம் வீட்டுக்குப் போய் ஒரு மாதத்தில் செத்துவிட்டதாம். "உங்களுடைய முள்ளெலி ஒன்றை ஒரு சாதாரண வீட்டுத் தொட்டியில் மூன்று மாதம் உயிரோடு வைத்துக் காட்டுங்கள். நானே வந்து பார்க்கிறேன்" என்று எழுதியிருந்தார். குணநாயகம் ஐயா உள்துறைமுகத்தைப் பார்த்த ஒரு பழைய பங்களாவில் இருந்தார். அவருடைய ஹோலில் ஆறடித் தொட்டி ஒன்று இருந்தது. சாதாரண வீடு என்பது அதுதான் என்று முடிவாயிற்று.

ஐயா என்னைக் கூப்பிட்டார். நான் நின்றேன், அவர் கதிரையில் இருந்தார்.

"தம்பி, இதை மூண்டு மாதம் உயிரோட வச்சிரு. உன்ர நிரந்தரக் கடிதம் என்ர மேசை லாச்சிக்குள்ள கிடக்கு. அவன் வந்து பாத்திட்டு ஓம் எண்டு சொன்ன அண்டைக்குக் கையெழுத்து வைக்கிறன்."

"செத்தா ஐயா?"

"செத்தா ரெண்டும் செத்துது."

இதில் உங்களுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். உங்களுக்குத்தான் முழுச் சம்பந்தமும். அந்த நாளில் அம்மா பாலையூற்றில் பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். சல்லியில் இருந்து வீட்டுக்குப் போகிறவன் பாலையூற்று வழியாகச் சுற்றிப் போகத் தேவையில்லை. நான் இரண்டு வருஷமாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். அம்மாவுக்குச் சம்மதம். அம்மப்பாவிடம் போய்ப் பெண் கேட்டபோது அவர் பத்திரிகையைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"வேலை நிரந்தரமோ?"

"இல்லை. ஆனா ஒன்பது வருஷமா இருக்கிறன்."

"ஒன்பது வருஷமா நிரந்தரம் இல்லாமல் இருக்கிறீர் எண்டால் அதுதான் நிரந்தரம் போல. கடிதம் வந்த பிறகு வாரும், கதைப்பம்."

ஆகவே ஐயாவின் ஹோலில் ஒரு முள்ளெலி கண்ணாடியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது, அதன் முதுகில் நான், அம்மா, நீங்கள் இரண்டு பேர், நான்கு பேரும் ஏறியிருந்தோம். அதற்கு அது தெரியாது. தெரியாதது நல்லது.

முதல் இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காகப் போனது. கிழமைக்கு ஒரு தரம் தொட்டியில் கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுக் கடல் தண்ணீர் விடுவேன். கம்பனிக்குக் கடலுக்கு அடியில் குழாய் போட்டு மோட்டரால் தண்ணீர் எடுப்பார்கள். ஐயா வீட்டுக்கு அங்கிருந்து கொண்டுவரத் தேவையில்லை, பங்களாவுக்குக் கிட்டவே ஜெற்றி இருக்கிறது, அங்கே அள்ளு என்றார். கடல் எங்கே அள்ளினாலும் கடல்தானே. நானும் அப்படித்தான் நினைத்தேன். கடல் இல்லாத ஊர்க்காரன் உப்பை அளந்து கரைப்பான். கடலுக்குப் பக்கத்தில் பிறந்தவன் வாளியைப் போட்டு அள்ளுவான். எங்களுக்கு அது ஒரு பெருமை.

ஜெற்றியில் படகுகளுக்கு அடிக்கிற டீசல் பீப்பாக்கள் இருந்ததால் வாசலில் கேற் போட்டு ஒரு காவலாளி வைத்திருந்தார்கள். கிண்ணியாவைச் சேர்ந்த நஸீர் நானா. அங்கிருந்து கேனில் எது வெளியே போனாலும் அவர் பார்க்க வேண்டும். முதல் நாளே மறித்துவிட்டார்.

"கேனுக்குள்ள என்ன?"

"கடல் தண்ணி நானா."

"இந்த ஊருல கடல் தண்ணியக் களவெடுத்துக்கிட்டுப் போற மொதல் ஆள் நீதான். டீசல் எண்டா என்ன செய்யிற?"

"மணந்து பாருங்கோ."

"எனக்குப் பீனிசம். பத்து வருஷமா ஒரு மணமும் தெரியா. நீ குடி, நான் பாக்கிறன்."

நான் ஒரு மிடறு குடித்தேன். முகம் சுருங்கி, ஒரு கண் மூடி, தோள் இரண்டும் காதுக்கு ஏறியது. நஸீர் நானா கதிரையில் சாய்ந்து சிரித்தார். "சரி, டீசல் இல்ல. போ." அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் அதே சோதனை. டீசல் இல்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். வெயிலுக்குள் ஒரு நாள் முழுக்கக் கேற்றில் இருக்கிற மனிதருக்கு வேறு என்ன பொழுதுபோக்கு.

பிறகு மழை தொடங்கியது. நம்முடைய மழை உங்களுக்குத் தெரியும், தொடங்கினால் நிற்கிற எண்ணம் இல்லாதது. கம்பனியில் கடல் கலங்கி மோட்டர் மணலை இழுக்கும் என்று அதை நிற்பாட்டி, இருக்கிற தண்ணீரையே வடிகட்டிச் சுற்றவிட்டார்கள். எனக்கென்ன, எனக்கு ஜெற்றி இருக்கிறது. குடையைப் பிடித்துக்கொண்டு வழமைபோல வாளியைப் போட்டு அள்ளினேன். மூன்று கிழமை அள்ளினேன்.

மூன்றாம் கிழமை முள்ளெலி கண்ணாடியில் ஏறவில்லை. நிழல் பார்த்தேன். சில முள் சோம்பலாக அசைந்தது, மற்றவை சும்மா இருந்தன. அடுத்த நாள் தொட்டியின் அடியில் ஈர்க்கு மாதிரி நாலைந்து முள் விழுந்து கிடந்தது. அதற்கு அடுத்த நாள் ஒரு பக்கம் உள்ளங்கை அளவு மொட்டை. மீன்களுக்கு ஒன்றும் இல்லை, சந்தோஷமாக நீந்தின. ஜேர்மன்காரர் வரப் பதினொரு நாள் இருந்தது.

ஐயா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"சாப்பாடு காணாது. நான் அப்பவே சொன்னனான்."

கோவா இலை போட்டேன், தொடவில்லை. அடுத்த நாள், "காத்துக் காணாது" என்றார். இன்னொரு காற்று மோட்டர் பூட்டினேன். முள்ளெலி அந்தக் குமிழிகளை மதிக்கவில்லை. இன்னும் ஏழு முள் விழுந்தது. "தண்ணி பழசாப் போச்சு. புதுத் தண்ணி கொண்டு வா" என்றார். அது எனக்கும் நியாயமாகப் பட்டது. சைக்கிளில் இரண்டு கேனையும் கட்டிக்கொண்டு மழைக்குள் ஜெற்றிக்கு ஓடினேன்.

அள்ளிக்கொண்டு கேற்றுக்கு வந்தேன். நஸீர் நானா மழைக்கோட்டுக்குள் இருந்து தலையை மட்டும் நீட்டினார். அவர் கேட்க முன்னமே நான் ஒரு மிடறு குடித்துக் காட்டிவிட்டு மூடியைப் பூட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"இன்னொருக்காக் குடி."

குடித்தேன்.

"என்னடாப்பா, ஒண்ட மொகத்துக்கு என்ன நடந்த?"

"ஏன் நானா?"

"முந்தியெல்லாம் பேய் அறைஞ்ச மாதிரிச் சுருங்கும். இப்ப மூணு கிழமையா பிளேன்ரீ குடிக்கிற மாதிரிக் குடிக்கிறா. ஒனக்குப் பழகிட்டு எண்டு நெனச்சன். கடல் தண்ணி ஆருக்கும் பழகாது."

நான் மூன்றாவது தரம் குடித்தேன். வாய்க்குள் வைத்துச் சுழற்றினேன். உப்பு இருந்தது, அம்மா கோபத்தோடு காய்ச்சிய கறியில் இருக்கிற அளவுக்கு. கடலில் இருக்கிற அளவுக்கு இல்லை.

நானா குடாப் பக்கம் கையைக் காட்டினார். "மாவலி கங்கை முழுக்கக் கொட்டியாரக் குடாவுல வந்து விழுந்துகிட்டு இரிக்கி. கங்கைத் தண்ணி லேசு, மேலதான் நிக்கும். நீ அள்ளினது கடல் இல்ல தம்பி. கங்கை. எங்கட கிண்ணியாவுல சின்னப் புள்ளையக் கேட்டாலும் சொல்லும்."

கிண்ணியாவில் சின்னப் பிள்ளைக்குத் தெரிந்தது, ஒன்பது வருஷம் தண்ணீரோடு வேலை செய்த எனக்குத் தெரியவில்லை. இன்னும் சரியாகச் சொன்னால், என் நாக்குக்குத் தெரிந்திருந்தது. மூன்று கிழமையாகக் குடிக்கச் சுகமாக இருக்கிறதே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருக்கிறேன். சந்தோஷமாக இருக்கும்போது மனிதன் காரணம் கேட்பதில்லை. மீன் கொஞ்சம் உப்புக் குறைந்தாலும் சமாளிக்கும். முள்ளெலியால் ஏலாது. அதன் உடம்புக்குள் ஓடுவதே கடல் தண்ணீர்தான், வெளியே குறைந்தால் உள்ளேயும் குறையும். நான் கிழமைக்குக் கால்வாசியாக அதை ஒழுங்காக, நேரம் தவறாமல், குடை பிடித்துக்கொண்டு கொன்றுகொண்டிருந்தேன்.

கேனை அங்கேயே கவிழ்த்துவிட்டு வெறுங்கையோடு பங்களாவுக்கு ஓடினேன். ஹோலுக்குள் போனால் ஐயா சேட்டுக் கையை மடித்துவிட்டு, நீல மருந்துப் போத்தலைத் திறந்து, மூடியில் அளந்துகொண்டு நிற்கிறார். கம்பனியில் மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்தால் விடுகிற மருந்து அது. அதில் இருப்பது செம்பு. மீனுக்குச் சுகம் வரும். முள்ளெலிக்கு அது மறுநாளைக்குச் செத்தவீடு.

"ஐயா, ஊத்தாதீங்கோ."

"கிருமி தம்பி. பாத்தாலே தெரியுது."

"கிருமி இல்லை ஐயா. அந்த மருந்து இதுக்கு நஞ்சு."

"அப்ப முள்ளு ஏன் விழுகுது? நீ சொல்லு."

மூடி தொட்டி விளிம்புக்கு மேலே சரிந்து நின்றது. நான் என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். மழை என்று சொல்லலாம். முள்ளெலிக்கு வயது போய்விட்டது என்று சொல்லலாம். ஜெற்றியில் அள்ளச் சொன்னது நீங்கள்தானே என்றும் சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் அவரைப் பிழை சொன்னால் அந்த மூடி கட்டாயம் கவிழும். ஐயாவை எனக்கு ஒன்பது வருஷம் தெரியும். நான் கடிதத்தை நினைத்தேன். அம்மப்பாவின் பத்திரிகையை நினைத்தேன்.

"தண்ணி பிழை ஐயா. மூண்டு கிழமையா நான் கங்கைத் தண்ணியைத்தான் ஊத்தினனான். நான் பாக்கேல்லை. என்ர பிழை."

அவர் மூடியில் இருந்த மருந்தை மெதுவாகப் போத்தலுக்குள் திரும்ப ஊற்றினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அந்த ஒரு வேலையை அவர் அவ்வளவு திறமாகச் செய்தார்.

"நீயா?"

"ஓம் ஐயா. அந்த உப்புப் பாக்கிற கருவியை ஒருக்காத் தந்தீங்களெண்டா..."

"அது உடைஞ்சா?"

நான் மருந்துப் போத்தலை எடுத்துத் தொட்டிக்குத் தூரமாக வைத்தேன்.

"ஒன்பது நாள் இருக்கு," என்றார். "அவன் வரேக்குள்ள இது உயிரோட இருந்தா கதைப்பம். இல்லாட்டி நீ கம்பனிப் பக்கம் வராத. நான் அப்பவே சொன்னனான், தண்ணியைக் கவனி எண்டு."

அன்றைக்குப் பின்னேரம் நஸீர் நானா தன் தம்பியின் படகில் இருந்து ஒரு கைப்பம்பு கொண்டுவந்து தந்தார். குடிதண்ணீர்ப் பீப்பாவில் இருந்து தண்ணீர் எடுக்கிறது, எண்ணெய் படாதது. நான் புது ஹோஸ் ஒன்று வாங்கி, நுனியில் கல்லைக் கட்டி, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு நூல் முடிச்சுப் போட்டேன். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். ஜெற்றி நுனியில் இருந்து ஹோஸை ஒரு பாகம் இறக்கினேன், பம்பை அடித்தேன், ஹோஸுக்குள் இருந்த பழைய தண்ணீர் போகும்வரை அடித்தேன், பிறகு ஒரு மிடறு குடித்துவிட்டு நானாவின் பக்கம் திரும்பினேன்.

அளவு கருவி அலுமாரிக்குள் பத்திரமாக இருந்ததால், என் முகம்தான் கருவி. நானாதான் கோடு பார்க்கிறவர்.

"கங்கை," என்றார். "இறக்கு."

இரண்டு பாகம். "கஞ்சி. இறக்கு."

மூன்று பாகம். "மூக்குச் சுருங்குது, கண் சுருங்கல்ல. இன்னும் போ."

நான்காவது பாகத்தில் என் ஒரு கண் தானாக மூடியது. ஐந்தாவதில் தோள் இரண்டும் காதுக்கு ஏறியது. நஸீர் நானா கையைத் தட்டினார்.

"அல்ஹம்துலில்லாஹ். இதுதான் கடல். இதுக்குக் கீழ அள்ளு."

எதற்கும் இன்னும் இரண்டு பாகம் இறக்கி இரண்டு கேனையும் நிரப்பினேன். வயிறு அடுத்த இரண்டு நாளும் என்னோடு கோபம். அதைப் பற்றி விளக்கமாக எழுதத் தேவையில்லை.

கெதியாகச் சுகப்படுத்த வேண்டும் என்று முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றியிருந்தால் அது அன்றைக்கே செத்திருக்கும். மூன்று கிழமையாகக் குறைத்ததை ஒரு மணித்தியாலத்தில் கூட்டக் கூடாது. கேனைத் தொட்டிக்கு மேலே அலுமாரியின் தலையில் வைத்தேன், கருவி இருக்கிற அதே அலுமாரிதான். மெல்லிய ரியூப்பில் முடிச்சுப் போட்டுச் சொட்டவிட்டேன். காலையில் அரைக் கேன், பின்னேரம் அரைக் கேன், அதே அளவு பழைய தண்ணீரை வெளியே எடுத்தேன், கேன் முடிய முடிய ஜெற்றியில் அதே ஆழத்தில் நிரப்பினேன். ஐந்து நாள். ஒவ்வொரு காலையும் விழுந்த முள்ளைப் பொறுக்கினேன். இரண்டாம் நாள் பதினொன்று. மூன்றாம் நாள் ஆறு. நான்காம் நாள் ஒன்று. ஐந்தாம் நாள் ஒன்றும் விழவில்லை. அது சுகமா, அல்லது விழுவதற்கு உள்ளே உயிர் இல்லையா என்று தெரியவில்லை. நிழல் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்கவில்லை. ஏழாம் நாள் காலையில் போனபோது அது கண்ணாடியில் பாதி உயரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் ஐயாவின் ஹோலில், அவருடைய கதிரையில், கேட்காமலே உட்கார்ந்தேன்.

ஜேர்மன்காரர் வந்த நாள், மொட்டைப் பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடு என்று ஐயா சொன்னார். கிண்ணத்தில் ஏற்றிப் பக்குவமாகத் திருப்பி வைத்தேன். விருந்தாளி வந்து தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அது மெதுவாக நடந்து, திரும்பி, மொட்டையை அவருக்கு நேரே காட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மரியாதை தெரியாது.

அவர் கண்ணாடிக்குக் கிட்டப் போய் ஏதோ கேட்டார். இது இளசு, அந்தப் பக்கம் இன்னும் முளைக்கவில்லை என்று ஐயா இங்கிலீஷில் சொன்னார். அவ்வளவு எனக்கு விளங்கியது. ஜேர்மன்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னுடைய இங்கிலீஷ் முழுவதையும் அன்றைக்கு ஒரே தரத்தில் செலவழித்தேன்.

"ரிவர் வோட்டர். மை மிஸ்டேக். நவ் சீ வோட்டர்."

உப்பை எப்படி அளக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். ஐயா உடனே திறப்பை எடுத்து அலுமாரியைத் திறந்து, கருவியைக் கொண்டுவந்து பெருமையாக நீட்டினார். பெட்டிக்குமேல் கருவி செய்தவர்கள் ஒட்டிய பிளாஸ்டிக் உறை கிழியாமல் அப்படியே இருந்தது. ஜேர்மன்காரர் உறையைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் வேறு வழி இல்லாமல் நாக்கை நீட்டி விரலால் தொட்டுக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. தொட்டிக்கு மேலே கையை நீட்டி, நிழலை மெதுவாக அசைத்தார். முள்ளெல்லாம் அவருடைய கைக்குத் திரும்பியது. மொட்டையில் அரிசி அளவுக்கு முளைத்திருந்த புது முள்ளும் சேர்ந்து திரும்பியது. அவர் கையை மற்றப் பக்கம் கொண்டுபோனார், அதுவும் கூடவே போனது.

நூறு எடுப்பார் என்று கம்பனி நினைத்தது. இருபது எடுத்தார். அந்த இருபதையும் நான்தான் கட்டி அனுப்ப வேண்டும் என்றார்.

"நான் அப்பவே சொன்னனான்," என்றார் ஐயா, ஜேர்மன்காரரின் கார் வாசலைத் தாண்டியதும். "இருபதுதான் எடுப்பான் எண்டு."

அடுத்த கிழமை கடிதத்தோடு அம்மப்பாவிடம் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டு, இரண்டு தரம் வாசித்து, மடித்துத் தந்தார்.

"'தண்ணீர்த் தரம் பார்த்தல்' எண்டு போட்டிருக்கு. அது என்ன வேலை தம்பி?"

"கடல் தண்ணி குடிச்சுப் பாக்கிறது, மாமா."

அவர் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே திரும்பி, "பிள்ளை, இவருக்குக் குடிக்க ஏதாவது நல்லதாக் கொண்டு வா" என்றார்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். நான் ஓய்வு பெற்ற அன்று கம்பனி எனக்கு மாலை போட்டு, ஒரு ஞாபகப் பரிசும் தந்தது. அந்தக் கருவிதான். உறை கிழியாமல். அதை நான் எங்கள் அலுமாரியில் மேல் தட்டில் வைத்துப் பூட்டியிருக்கிறேன், உடைந்துவிடும் என்று. நேற்று இதை எழுதும்போதுதான் அது எனக்கே உறைத்தது. திறப்பு சாமி அறையில் விளக்குக்குப் பின்னால் இருக்கிறது. எடுத்து, உறையைக் கிழித்து, பாவியுங்கள். உடைந்தால் உடையட்டும்.

நேற்றுப் பின்னேரம் நீங்கள் இரண்டு பேரும் ரியூசனுக்குப் போயிருந்தீர்கள். மழை பெய்துகொண்டிருந்தது. நான் சும்மா போய் உங்கள் தொட்டிக்கு மேலே கையை நீட்டினேன். முள் எல்லாம் திரும்பியது. ஆனாலும் பார்சலில் வந்த கடல் ஆயிற்றே. ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தேன்.

நிமிர்ந்தால், அம்மா குசினி வாசலில் அகப்பையோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்தான் மூடுது, தோள் ஏறேல்லை," என்றாள். "இன்னும் ஒரு கரண்டி உப்புப் போடச் சொல்லுங்கோ பிள்ளையளுக்கு."